துண்டண்ணன் ஒட்டிய சீட்டு

எதையும் முழுசாகச் செய்வதில்லை என்று சபதமெடுத்து வாழ்ந்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் துண்டண்ணன்தான். தன் கல்யாணத்துக்கே அரைநாள் அரைநாளாக லீவு எடுத்தவர். சாயாகூட அரை அரையாக இரண்டு தடவைதான் குடிப்பார். "ஒண்ணு சிந்தினாலும் மத்தது கெடைக்குமில்லா?" என்பார். பட்டப்பெயரை நம்பி, தோளில் துண்டு போட்ட ஆளைத் தேடி ஏமாந்தவர்கள் அநேகம்.

புதுக்கடை ஊரில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் ஆபீஸ். பெரிய சர்வர் கம்ப்யூட்டர்களின் சிப்புகளுக்குப் படம் வரைந்து கொடுப்பது தொழில். நான் சேர்ந்த அன்று அண்ணன் ஒரு பரோட்டாவை வைத்து, மேலே அஞ்சு கடுகைத் தூவினார்.

"மக்கா, இது ஒரு சிப்புன்னு வை. கடுகு தூசியாக்கும். ஒரு தூசி விழுந்தாலும் முழுசையும் ஒக்கக் களையணும். இப்பம் பாரு." பதினாறாக வெட்டினார். "அஞ்சுதான் போச்சு. மத்ததச் சேத்தா பெரிய சிப்பு. துண்டாக்கது எளுப்பம், சேக்கதுதான் பாடு. ரெண்டு துண்டுக்க கம்பி வழியும் நேருக்குநேர் நிக்கணும், கேட்டியா?" கழித்த அஞ்சையும் விடவில்லை. "இது கொறஞ்ச வெலைக்கு" என்று அவரே தின்றுவிட்டார்.

அந்த வழிதான் எங்களைப் பிரித்தது. ஒருநாள் வீடியோ காலில் வெளிநாட்டுக்காரர்களுக்கு என் படத்தைப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மைக் திறந்திருப்பது தெரியாமல் பின்னாலிருந்து அண்ணன் கத்தினார்: "ஏலே, உனக்க துண்டு கண்ணாடில பாத்தமாதிரி இடம்வலம் மாறியில்லா கெடக்கு!" மறுமுனையில் ஒரு நாகர்கோவில்காரர் இருந்து தொலைத்தார். சொல் விடாமல் மொழிபெயர்த்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் சொன்னது சரி. படம் அப்படியே போயிருந்தால் செய்த சிப்பெல்லாம் குப்பைதான். சரியாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் தாங்கவில்லை. பேச்சை நிறுத்தினேன்.

மறுநாள் முதல் என் கீபோர்டின் மேல் தினமும் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு. சீட்டுக்கு ஒரு சொல். மன்னிப்பையும் துண்டுதுண்டாகத்தான் கேட்டார்! "மக்கா" என்ற முதல் சீட்டை அவர் பார்க்கவே கசக்கிப் போட்டேன். மற்றவற்றைப் படிக்கவே இல்லை. ஏழாம் நாள் சீட்டைக் காணோம். அவருக்கும் அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு ஆலயத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்த அண்ணன், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஒரு தூசிக்காக அந்த மனிதரை முழுசாகக் களைந்துவிட்டேன். போன மாதம் கீபோர்டை மாற்றியபோது அதன் அடியில் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. மேலே வைத்தால் நான் எறிந்துவிடுகிறேன் என்று, ஏழாம் நாள் சீட்டைக் கீழே ஒட்டியிருக்கிறார். "சாயா?" என்று மட்டும் எழுதியிருந்தது.

இப்போது தினமும் நாலு மணிக்கு பேக்கரிக்கு இறங்குகிறேன். "ஒரு சாயாதானே?" என்கிறார் கடைக்காரர்.

"இல்ல அண்ணே, அரைச் சாயா ரெண்டு."