கம்ப்யூட்டருக்கு ஒரு செப்புத் தகடு

கணினி சித்தர் அய்யாதுரை வருகிறார் என்றால் பாண்டி பஜாரில் அந்த மாடிப்படி முழுக்கச் செருப்பாகிவிடும். மேலே இருந்தது கோயில் அல்ல, ஜெயராமின் கணக்கு அலுவலகம். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அந்த வரிசையில் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம், நடுவில் ஒரு செப்புத் தகடு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து கைகட்டி நிற்பார்கள்.

ஆண்டு 1998. கம்ப்யூட்டருக்கு வைரஸ் என்றதும் பட்டதாரிகளே மூக்கைப் பொத்திக்கொண்ட காலம்.

சித்தர் மஞ்சள் பட்டுத்துணியிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுப்பார். முணுமுணுத்துக்கொண்டே மிஷினில் செருகுவார். திரை சிவந்து, கொம்பு முளைத்த ஒரு முகம் பல்லை இளிக்கும். கூட்டம் நடுங்கும். சித்தர் திருநீறு தூவி ஒரு பித்தானைத் தட்டுவார். முகம் மறையும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உடனே தகடு, உடனே தட்சணை.

"தகடு உட்கார்ந்த மிஷின்ல வைரஸ் மருந்து ஏத்தக் கூடாது. ரெண்டு சக்தி மோதிக்கும்" என்பது சித்தர் வாக்கு. மாதாமாதம் ஏற்ற வேண்டிய ஆன்டிவைரஸ் மருந்தை ஜெயராம் பயபக்தியோடு நிறுத்தினார். அடுத்த மாதமே கணக்குகள் காணாமல் போயின. தகட்டின் மேல் யாராவது சந்தேகப்பட்டார்களா? பட்டார்கள். தகடு சின்னதாக இருக்கிறதென்று சந்தேகப்பட்டு, பெரிதாக வாங்கினார்கள்.

இதையெல்லாம் பார்த்து வயிறு எரிந்தவள், அங்கே வேலை பார்த்த ஹம்சா. மந்தைவெளிக்காரி. பிரதோஷம் தவறாமல் கபாலீஸ்வரர் சந்நிதியில் நிற்பவள். ஈசுவரனை ஃபிளாப்பியில் அடைத்துத் தெருத்தெருவாக எடுத்துப் போகிறானே என்பதுதான் அவள் ஆத்திரம்.

மாதக் கடைசியில் எல்லா மிஷினையும் தனி ஃபிளாப்பியால் சோதிப்பது அவள் வேலை. எது சுத்தம், எதற்கு நோய், எதற்கு மருந்து ஏறியது, எதற்குத் தகடு ஒட்டியது என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே சேர்த்து வைத்திருந்தாள். சேர்த்ததோடு சரி, அதனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஒரு நாள் சித்தர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். விரல் நேராகப் புஷ்ராவை நோக்கி நீண்டது. தை மாதம் வேலையில் சேர்ந்த திருவல்லிக்கேணிப் பெண்.

"இந்தப் பொண்ணு கைராசி சரியில்ல. தோஷம் இங்கதான் உட்கார்ந்திருக்கு."

ஜெயராம் ஹம்சாவைத் தனியே அழைத்தார். "திங்கட்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்னு நீயே பக்குவமா சொல்லிடும்மா."

புஷ்ராவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "வேலை போனா வேற தேடலாம்க்கா. கைராசி கெட்டவன்னு பேரு வந்தா எந்த மாடில ஏத்துவாங்க?" என்றாள். ஹம்சா தன் தயிர்சாத டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல சாப்பிடு. நான் ஒண்ணு கேட்டுப் பார்க்கறேன்."

கேட்டாள், கம்ப்யூட்டரிடம். எந்த மிஷினுக்கு எந்த மாதம் தகடு, எந்த மாதம் நோய்?

பதில் திரையில் வரிசையாக வந்து நின்றது. தகடு ஒட்டும்வரை ஒவ்வொரு மிஷினும் சுத்தம். ஒட்டிய மாதத்திலிருந்து நோய். தகடே ஒட்டாமல், மருந்து மட்டும் ஏறிய மிஷின் ஒன்றுதான் கடைசிவரை நோயில்லாமல் இருந்தது. மூலையில் கிடந்ததால் சித்தர் கண்ணில் படாத மிஷின். கைராசி கெட்ட புஷ்ராவின் மிஷின்.

ஜெயராம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "கம்ப்யூட்டர் சொல்றதையெல்லாம் நம்ப முடியுமா ஹம்சா?"

கம்ப்யூட்டர் வைத்துப் பிழைக்கிறவர் சொன்னார் இதை.

"நம்ப வேண்டாம் சார். நாளைக்குப் புது மிஷின் வரதே, அதைச் சித்தரே தொடட்டும். நீங்க பாருங்கோ, போதும்."

மறுநாள் எல்லார் முன்னிலையிலும் கடைநிலை ஊழியன் கபாலி பெட்டியைப் பிரித்தான். ஹம்சா சோதித்தாள். சுத்தம் என்றது திரை. சித்தர் கண்ணை மூடி, "பெரிய தோஷம் தெரியுது" என்றார். ஃபிளாப்பி நுழைந்தது. கொம்பு முகம் இளித்தது. திருநீறு பறந்தது. முகம் ஓடியது. கூட்டம் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனது.

"ஒரு நிமிஷம்" என்று ஹம்சா மறுபடி சோதித்தாள். இப்போது நோய் இருந்தது. மற்ற மிஷின்களில் இருந்த அதே நோய், அதே பெயரோடு.

கையெல்லாம் பாதி வழியில் நின்றது.

"புஷ்ரா இன்னும் இதைத் தொடவே இல்லை சார்" என்றாள் ஹம்சா.

"இன்னா சார் இது, வைத்தியர் பையிலதான் வியாதியே கீது" என்றான் கபாலி.

"இது மிஷினோட பூர்வஜென்ம..." என்று ஆரம்பித்தார் சித்தர்.

"அது இன்னிக்குத்தான் கம்பெனியிலேர்ந்து வந்தது. உங்க ஃபிளாப்பிக்கு முதல்ல ஒரு தகடு ஒட்டுங்கோ" என்றாள் ஹம்சா.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சித்தருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டியது புஷ்ராதான். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டு, செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடப் பொறுமையில்லாமல் வெறுங்காலோடு இறங்கிப் போனார்.

ஜெயராம் புஷ்ராவிடம் மன்னிப்புக் கேட்டார். தகடுகளைத் தம் கையாலேயே பிய்த்தார். பிய்த்து முடித்ததும் ஹம்சாவிடம் மெல்ல வந்தார்.

"புது மிஷினை எந்தத் திசை பார்த்து வைக்கலாம்?"

"பிளக் இருக்கற திசையில சார்."

கும்பிட இரண்டு கை கொடுத்த கடவுள், அவற்றுக்கு மேலே ஒரு தலையையும் வைத்திருக்கிறார். தகடு ஒட்டுவதற்காக அல்ல.