மூன்று சாவிக் கருவூலம்

குமுதாவின் சாவி பூட்டுக்குள் போனது, திரும்ப மறுத்தது.

கோயில் தலைவர் நாகரத்தினத்தின் பூட்டும் துணைத் தலைவர் சின்னையாவின் பூட்டும் திறந்துவிட்டன. மூன்றாவது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. மணி ஒன்பது. பத்து மணிக்கு அம்மன் தேர் அந்த மலேசியத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றக் கிளம்ப வேண்டும். அம்மனின் பொன்தாலி இந்த இரும்புப் பெட்டிக்குள். தாலி ஏறாமல் தேர் நகராது.

"இருபது வருசம் நான் பொருளாளரா இருந்தேன். ஒரு தடவ மக்கர் பண்ணல லா," என்றார் சின்னையா. "பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பதவின்னு அன்னைக்கே சொன்னேன்."

எஸ்டேட் கோயிலின் முதல் பெண் பொருளாளர் குமுதா. பதவிக்கு வந்து மூன்றே மாதம். இன்று தேர் நின்றால் நாளை பதவி இருக்காது.

"பொறுங்கண்ணே. பனியில பூட்டு இறுகிருச்சு. எண்ணெய் விட்டா எளகிரும்."

கேமரன் மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் மெழுகாய் உறைந்திருந்தது. அவசரத்தில் அவள் அதைக் கொண்டை ஊசியால் அள்ளித் துவாரத்தில் திணித்தாள். இப்போது சாவி பாதி வரைதான் போனது.

"எளகுற வரைக்கும் கேளுங்க," என்றாள். எதையும் விளக்காமல் அவளால் சும்மா இருக்க முடியாது. "பெட்டி மேல கருவூலம்னு எழுதியிருக்குல்ல? கவர்மெண்டுல பணத்தப் பாத்துக்கிற ஆபீசுக்கும் அதான் பேரு. நல்ல பாட்டா பொறுக்கிச் சேத்த புத்தகத்துக்கும் அதே பேருதான்."

"பாட்டுப் புத்தகத்துக்கும் மூணு சாவியா?" என்றார் சின்னையா.

"இல்லண்ணே, மூணு சாவி எதுக்குன்னா, ஒருத்தர் தனியா வந்து கைவைக்க முடியாது. மத்த ரெண்டு பேரும் சாட்சி."

"ரெண்டு சாட்சியும் இங்கதான் நிக்கிறோம். தொற."

கற்பூரம் கொளுத்திப் பூட்டின் கீழே காட்டினாள். எண்ணெய் உருகி ஒழுகியது. பூட்டு தோசைக்கல்லாய்ச் சுட்டது. முந்தானையைச் சுற்றிச் சாவியைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் திருகினாள்.

டக்.

பாதிச் சாவி கையில், பாதி பூட்டில்.

"தேர நாளைக்கு வச்சுக்கலாமா?" என்றார் நாகரத்தினம் ஈனக்குரலில்.

"ரோட்டுக்குப் போலீஸ் பர்மிட் இன்னைக்கு மட்டுந்தான் தலைவரே!" என்றாள் குமுதா.

"பதவிய எழுதிக் குடுத்துரு தங்கச்சி," என்றார் சின்னையா.

அப்போது வெளியே உறுமி மேளம் வெடித்தது. மூவரும் ஓடினார்கள். தேர் குலுங்கிப் புறப்பட்டது. அம்மன் கழுத்தில் பொன்தாலி பளபளத்தது!

"பொருளாளரம்மா! மணி கரெக்டா பத்து! ஒரு வருசமும் இப்படி நேரத்துக்குக் கெளம்பினதில்ல!" யாரோ குமுதாவின் கழுத்தில் மாலை போட்டார்கள். கைதட்டல் சரிவெல்லாம் எதிரொலித்தது.

சின்னையாவுக்கு வியர்த்தது. "தாலிய எடுத்தது யாரு?"

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த கோயில் வேலைக்காரி பாஞ்சாலை நிமிர்ந்தாள்.

"நான்தான்ணே, நீங்க பொருளாளரா வந்த வருசமே அந்தப் பெட்டிக்குப் பின் தகரம் இத்து விழுந்துருச்சே, வருசா வருசம் விடியக்காலையில பின்னால கைய விட்டுத் தாலிய எடுத்துக் கழுவி உள்ள வச்சுருவேன், இன்னைக்குத் திருப்பி வைக்கிறதுக்குள்ள நீங்க மூணு பேரும் சாவியோட வந்து நின்னுட்டீங்க, அதான் நேரா பூசாரிகிட்டயே குடுத்துட்டேன்!"