மாப்பிள்ளை கட்டாத கைக்கடிகாரம்

கரடியூர், ஏற்காடு
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் மரியஅந்தோணி அவர்களுக்கு,

தங்கள் தங்கை அற்புதத்தின் கணவன் ஞானசுந்தரம் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே மழையும் பனியும் மிளகுக்கொடியும் நலம். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள். போனில் சொல்லலாம் என்றால், நான் குரலை உயர்த்தியதுமே "சிக்னல் இல்லை" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

நம் பெண் ஆன்மேரிக்கு நிச்சயம் பேசியபோது, "மாப்பிள்ளைக்கு மோதிரத்தோட வாட்ச்சும் போடணும், டிசைனர் வாட்ச்சா போட்டாத்தான் சபையில மதிப்பு" என்று சொன்னது யார்? தாங்கள்தான். சேலத்தில் அந்தக் குளுகுளு கடைக்கு என்னைக் கூட்டிப்போனது யார்? அதுவும் தாங்கள்தான். அங்கே ஒரு பையன் கையுறை மாட்டிக்கொண்டு, ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை ஏந்துகிற மாதிரி அதை ஏந்திக்கொண்டு வந்தான். விலையைக் கேட்டதும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சம்பளத்தில் அதைத் தொடக்கூட முடியாது. ஏணி போட்டு ஏறிப் பறிச்ச என் ஒரு வருஷத்து மிளகு முழுசும் அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள போச்சு மச்சான்! அவ்வளவு வாங்குனவன் நம்பராவது போட்டிருக்கலாமில்லீங்களா? பன்னெண்டு இருக்கவேண்டிய இடத்துல ஒரு கோடு, ஆறு இருக்கவேண்டிய இடத்துல ஒரு கோடு. "நம்பர் எங்கப்பா?"ன்னு கேட்டா, "அதுதாங்க சார் டிசைன்"ங்கறான். இல்லாததுக்குக் காசு வாங்குறவனை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

அதோட போச்சா? "இதுக்கு பேட்டரி கிடையாதுங்க, கை ஆடினாத்தான் ஓடும், கழட்டி வச்சா ரெண்டு நாள்ல நின்னுரும்"னான். நின்னுபோன கடிகாரத்தைச் சபையில மாப்பிள்ளைக்குக் கட்டினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அதனால நிச்சயம் வரைக்கும் நானே கட்டிக்கிட்டேன். ஓட்டுறதுக்காகத்தான், ஆசைக்கில்லீங்க. ஒண்டிக்கடையில டீ குடிக்கும்போது வாழவந்தி அங்கப்பன், அவன்தான் ஜீப் ஓட்டுறானே, அவன் பார்த்துட்டான். அவன் கையில மவன் வாங்கிக்கொடுத்த ஸ்மார்ட் வாட்ச். அது நெஞ்சு துடிக்கறதைச் சொல்லுதாம், எத்தனை அடி நடந்தான்னு சொல்லுதாம், மழை வருமாங்கறதையும் சொல்லுதாம். "ஏனுங்க ரைட்டரே, உங்களுது என்னென்ன சொல்லுமுங்க?"ன்னான். "மணி சொல்லும்"னேன். "அவ்வளவுதானுங்களா?"ன்னான். டீக்கடையே சிரிச்சுது. நான் கேக்கறேன், நெஞ்சு துடிக்குதான்னு கையைப் பார்த்துத்தானா தெரிஞ்சுக்கணும்? துடிக்கலைன்னா அதை எவன் பார்க்கப்போறான்?

சரி, நிச்சயத்துக்கு வர்றேன். நீங்களும் முன்வரிசையிலதான் உக்காந்திருந்தீங்க, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா நீங்க கறிக்கொழம்பு வாசம் வந்த பக்கமே பார்த்துட்டிருந்தீங்க. மாப்பிள்ளை செபாஸ்டின் இடது கையில ஏற்கெனவே ஒரு ரப்பர் பட்டை ஸ்மார்ட் வாட்ச். "இதைக் கழட்டினா என் நடைக் கணக்கு விட்டுப்போயிரும் மாமா"ன்னு வலது கையை நீட்டுறார். கட்டினேன். போட்டோ எடுத்தாங்க. எடுத்த கையோட கழட்டி டப்பாவுல வச்சு, "இவ்வளவு விலையுள்ளதை வச்சுக்க பயமா இருக்குங்க மாமா, உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்"னு என் கையிலேயே கொடுத்துட்டார். அப்புறம் பங்குச் சாமியார் குடும்ப வாழ்க்கையைப் பத்திப் புத்திமதி சொல்லிட்டிருந்தாரில்லீங்களா, மாமனார் ஊட்டை மதிக்கணும்ங்கற இடத்துக்கு வர்றார், அந்த ரப்பர் சனியன் விர்ருன்னுச்சு. நொம்ப நேரம் உக்காந்துட்டே, எந்திரின்னு சொல்லுதாம். மாப்பிள்ளை எந்திரிச்சார். மாப்பிள்ளையே எந்திரிச்சா நாம உக்காரலாமான்னு அவுங்க சனம் எந்திரிச்சுது. அவுங்களைப் பார்த்து நம்ம சனம் எந்திரிச்சுது. சாமியார் பயந்துபோய் "ஆமென்" போட்டுட்டார். மொத்தக் கூட்டமும் நேரா பந்திக்குப் போயிருச்சு.

போன ஞாயிறு கோயில்ல முதல் கல்யாண ஓலை வாசிச்சாங்க. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும்னு வாசிச்சதைக் கேட்டுட்டு, பூசை முடிஞ்சதும் நான் போய் நின்னேன். "சாமி, எனக்கு ஒரு தடை தெரியும்"னேன். அவர் முகம் வெளுத்துப்போச்சு. கதவைச் சாத்தி, நாற்காலியை இழுத்துப்போட்டு, "பையனுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருச்சா?"ன்னு மெதுவாக் கேட்டார். "இல்லீங்க சாமி, நான் போட்ட வாட்ச்சைக் கட்டமாட்டேங்கறார்"னேன். சாமியார் எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்து வச்சார். "ஞானசுந்தரம், ஊட்டுக்குப் போய்க் கஞ்சி குடிச்சுட்டுப் படுங்க"ன்னார்.

ஊட்டுல மட்டும் என்ன வாழுது? உங்க தங்கச்சி என்கிட்டப் பேசறதில்லை, சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தம்தான் பேசுது. ஆன்மேரி அழுதுட்டே, "எனக்குக் கல்யாணமா, வாட்ச்சுக்குக் கல்யாணமாப்பா?"ங்கறா. நான் என்ன சொல்லுவேன்? அவர் கட்டியிருக்கிறது ரெண்டு வருஷத்துல குப்பைக்குப் போகும், என்னுது பேரன் கைக்குப் போகும், விலை அதுக்குத்தான்னு சொன்னா அவளுக்குப் புரியலை. சரி, உங்ககிட்டச் சொல்றேன். நான் கொடுத்த வாட்ச்சைப் பத்திரமா வச்சுக்கங்கன்னு திருப்பிக் கொடுத்தவர், நாளைக்கு நான் கொடுக்கிற பொண்ணையும் அதே மாதிரி திருப்பிக் கொடுத்தா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு இருக்கிறது ஒரே புள்ள. அதுதான் மச்சான் என் பயம், கோபமெல்லாம் அப்புறம்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்குள் அந்த வாட்ச்சைக் கட்டிக்கொள்வதாக மாப்பிள்ளை வாயால் சொல்லவேண்டும். இல்லையென்றால் கோயிலிலேயே எழுந்து நிற்பேன். சம்பந்தம் கொண்டுவந்தது தாங்கள், வாட்ச்சைச் சொன்னதும் தாங்கள், தீர்த்து வைக்கவேண்டியதும் தாங்களே.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கு ஞாயிறு வரைக்கும் ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
கொதித்துக்கொண்டிருக்கும்
ஞானசுந்தரம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது மாப்பிள்ளை போன் பண்ணினார். ஆன்மேரி எல்லாம் சொல்லியிருக்கிறாள். "தப்பா நினைச்சுக்காதீங்க மாமா, உங்க வாட்ச்சைக் கட்டிக்கிட்டுத்தான் தாலி கட்டுவேன், அப்புறம் கழட்டவே மாட்டேன், சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்"னார். நொம்ப சந்தோஷம் மாப்பிள்ளைன்னு சொல்லிட்டுப் போனை வச்சேன். வச்சுட்டு என் கையில கட்டியிருக்கிற அந்த வாட்ச்சைப் பார்த்தேன். மச்சான், அம்பத்தெட்டு வயசுல இப்படி ஒரு நல்ல பொருள் என் உடம்புல ஏறினதே இல்லீங்க. காபிச் செடிக்குள்ள கையை ஆட்டி ஆட்டி இத்தனை நாளா அதை ஓட்டினவன் நான். அதனால மேலே எழுதினதையெல்லாம் மறந்துருங்க. வளர்ற வயசுல நெஞ்சுத் துடிப்பு தெரியறது முக்கியம், நடைக் கணக்கு விட்டுப்போகக் கூடாது, ஸ்மார்ட் வாட்ச்தான் காலத்துக்கு ஏத்ததுன்னு அவருக்கு நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. கேக்கலைன்னா, மாமாகிட்ட இருக்கிறது நின்னுபோச்சு, ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிருங்க. நல்லா ஓடிட்டுத்தான் இருக்குது. அதை அவர்கிட்டச் சொல்லவேண்டாம்.