தானிய அறையில் மாட்டிய பேராசிரியை

பழைய கட்டடங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் ஒரு பகுதியாகவே முக்கால் மணி நேரம் இருந்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

கோவையில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது ஆர்.எஸ்.புரத்தில். கல்யாணமாகிப் போனது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் வீட்டுக்கு. மாப்பிள்ளையைப் பார்த்துச் சம்மதித்தேனா, வீட்டைப் பார்த்துச் சம்மதித்தேனா என்று என் கணவருக்கு இன்றுவரை சந்தேகம். (வீட்டைப் பார்த்துத்தான். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.) சுவர் இரண்டரை அடி கனம். முற்றத்துத் தூண்கள் நான்கும் ஒவ்வொன்றும் ஒரே கல். சித்திரை வெயிலில்கூட உள்ளே மின்விசிறி தேவைப்படாது.

அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட வீடாக அறிவித்த பிறகு, எந்தெந்தப் பகுதி பட்டியலில் சேரும் என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி வந்தார். அளவெடுக்க உதவியாக என் மாணவர்கள் இருபது பேரை அழைத்துப் போயிருந்தேன். பட்டுப்புடவை வேறு. அளவெடுக்கிற வேலைக்குப் பட்டு எதற்கு என்று கணவர் கேட்டார். புகைப்படம் எடுப்பார்கள் என்றேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பின்கட்டுத் தானிய அறைக்கு வரும்வரை. அந்த அறைக்குக் கதவு கிடையாது. மேலே மச்சிலிருந்து தானியத்தைக் கொட்டுவார்கள். கீழே இடுப்புயரத்தில், ஒற்றைக் கல்லில் குடைந்த சதுர வாய் வழியாக அள்ளுவார்கள். அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார். இது பிற்காலத்தில் ஒட்டிக் கட்டியது போலத் தெரிகிறது, பட்டியலில் சேராது என்றார். சேராவிட்டால் பாதுகாப்பு இல்லை. பின்பக்கம் வரப்போகும் சாலைக்காக அந்த அறையை இடித்தாலும் கேட்க நாதியில்லை.

எனக்குச் சுரீரென்றது. வீட்டோடு சேர்த்துக் கட்டியதுதான், உள்மூலையைப் பார்த்தால் கல்லும் கல்லும் பின்னியிருப்பது தெரியும் என்றேன். உள்ளே எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்டார். அந்தக் காலத்தில் ஆள் நுழைந்து கூட்டிப் பெருக்கிய வாய் இது என்று சொல்லி, கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு தலையை விட்டேன். தோள் போனது. வயிறு போனது. இடுப்பு போகவில்லை. (அந்தக் காலத்து ஆளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.) திரும்பி வரப் பார்த்தேன். புடவைக் கொசுவம் கல்லுக்கும் எனக்கும் நடுவில் ஆப்பாக இறங்கியிருந்தது. பதற்றத்தில் கைபேசி உள்ளே எங்கோ விழுந்து அணைந்தது.

முன்பாதி இருட்டில். பின்பாதி, நான் மதிப்பெண் போடும் இருபது பேர் முன்னால்.

கணவர் காலைப் பிடித்து இழுத்தார். செருப்புதான் வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். ரெண்டு இஞ்சு செதுக்கினால் போதும் என்றார் அவர். அதிகாரி தடுத்தார். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உளி படக்கூடாதாம். இது பட்டியலிலேயே சேராது என்றீர்களே என்று உள்ளிருந்து கத்தினேன். இறுதி முடிவு எடுக்கும்வரை தொடக்கூடாது என்று பதில் வந்தது.

அப்போதுதான் என் மாமியாரின் குரல் கேட்டது.

"ஏனுங்க சார், அனுமதியே குடுத்தாலும் கல்லுல கை வெக்க உடமாட்டனுங்க. கல்லு எளைக்காது. எங்க அம்மணி எளைச்சுப்போடும்."

இருபது பேரும் சிரித்தது கல்லுக்குள்ளும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த அழுகையிலும் ஒன்று உறைத்தது: அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அழுது முடித்தபின் செய்ய வேறு வேலை இல்லாததால் கையால் தடவிப் பார்த்தேன். வாய் வெளிப்பக்கம் குறுகலாகவும் உள்பக்கம் அகலமாகவும் செதுக்கியிருந்தது. தானியம் சரிந்து வருவதற்காக. அதாவது இன்னும் நாலு விரல் உள்ளே போனால் விடுதலை.

"அத்தை, இழுக்காதீங்க. தள்ளுங்க" என்றேன்.



"கண்ண மூடிக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு அத்தையே தள்ளினார். பட்டு கிழிந்த சத்தத்தோடு உள்ளே பழைய பதர்க் குவியலில் விழுந்தேன். தூசியில் தும்மல் தும்மலாக வந்தது.

கைபேசியைத் தேடி எடுத்து விளக்கைப் போட்டதும் தும்மல் நின்றுவிட்டது. சுவரில் ஒன்றுமேல் ஒன்றாக ஏழு கற்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கூட்ட நுழைந்தவர்கள் மச்சுக்கு ஏறிப் போகும் படிகள். ஒவ்வொன்றும் வீட்டின் பழைய சுவருக்குள் ஊடுருவிக் கிடந்த நீளக்கல். சுவர் எழும்போதே வைத்தால் ஒழியச் செருக முடியாது. அறையும் வீடும் ஒரே காலத்தவை.

கிழிந்த புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். மச்சில் திறப்பை மூடியிருந்த பலகையைக் கணவர் தூக்க, தலையெல்லாம் பதரோடு வெளியே வந்து, அங்கேயே உட்கார்ந்து அதிகாரியிடம் ஏழு கற்களையும் விளக்கினேன். அவர் தலையை மட்டும் விட்டு எட்டிப் பார்த்தார். (புத்திசாலி.) பிறகு பேனாவை எடுத்து அறையைப் பட்டியலில் எழுதிக்கொண்டார். சாலை இப்போது தள்ளித்தான் போகிறது.

கட்டட வரைபடத்தில் அளவு புரிவதற்காக ஒரு மனித உருவம் போடுவது வழக்கம். நிமிர்ந்து நிற்கிற உருவம்தான் போடுவார்கள். என் மாணவர்கள் அன்று வரைந்து அரசுக்குப் போன படத்தில், தானிய அறை வாயிலிருந்து இரண்டு கால்களும் ஒரு புடவைக் கரையும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலில் செருப்பு இல்லை. அந்தப் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டேன். அளவு அவ்வளவு துல்லியம். அதன் பிரதியை மாமியார் சட்டம் போட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறார். வீட்டைப் பார்க்க வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்.

"இதுதானுங்க எங்க மருமக" என்பார், தூண்களைக் காட்டும் அதே பெருமையோடு.