உங்கள் காரை வந்து எடுத்துப் போங்கள், அண்ணா

மதிப்பிற்குரிய பியோங்-தே அண்ணன் அவர்களுக்கு, சியோலிலிருந்து தங்கை குவி-ரான் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் எங்கள் நான்கு கால்களும் நலம். யோங்ஜுவில் நீங்களும் அண்ணியும் உங்கள் கோபமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வருஷம் அப்பா திதிக்கு நான் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் வாளியோடு பஸ்ஸில் வந்து இறங்கியது உங்களுக்கு மானக்கேடாகப் போய்விட்டது. "சியோல்ல இருக்கா, ஒரு கார் வாங்க வக்கில்ல" என்று சித்தப்பா முன்னாலேயே சொன்னீர்கள். வக்கில்லாமல் இல்லை, வேண்டாமென்று இருக்கிறோம். சொன்னால் கேட்டால்தானே? போன மாதம் உங்கள் கருப்புக் காரையே ஆள் வைத்து அனுப்பிவிட்டு, "இந்தத் தடவை கார்ல வா, இல்லாட்டி என் வாசப்படி மிதிக்காதே" என்று போனில் ஒரு உத்தரவு வேறு.

அன்றைக்குப் பிடித்தது சனி. எங்கள் அடுக்குமாடியில் பார்க்கிங் கோட்டுக்குள் இடம் கிடைக்காத வண்டியை மற்ற வண்டிகளுக்குக் குறுக்கே நிறுத்தி, நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைக் கையால் தள்ளிவிட்டு வெளியே போவார். ஊருக்கே தெரிந்த இது எங்களுக்குத் தெரியாது, கார் இருந்தால்தானே தெரியும்? உங்க மாப்பிள்ளை ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டுவிட்டு மெட்ரோவில் வேலைக்குப் போய்விட்டார். காலையில் பாதி பிளாக் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த போன் நம்பருக்குப் போட்டால் அது உங்க நம்பர். எங்கள் பிளாக் காவலாளி என்னிடம் வந்து, "யம்மா, நம்பரை மாத்துங்க, யோங்ஜுலேர்ந்து ஒருத்தர் எங்களையே திட்டுறாரு" என்றார். "என் காரா இருந்தா என் நம்பர் வைப்பேன்" என்றேன். மறுநாள் நியூட்ரலில் விட்டோம், ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி சாயங்காலம் வந்து பார்த்தால் பக்கத்து பிளாக் குப்பைத் தொட்டிப் பக்கம் நிக்குது, அங்கிருந்து அந்த பிளாக்காரங்க திரும்ப இங்கே தள்ளிவிட்டாங்க. கார் இல்லாதபோது சும்மா நடந்தேன், அண்ணா. இப்போது காரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கார் வேண்டாம். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கலாம், கிடைக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவளின் மாமியார் கதையைக் கேட்கலாம். காரில் உட்கார்ந்தால் முன்னே போகிறவனைத் திட்டலாம், அவ்வளவுதான். திதிக்குப் பஸ்ஸில்தான் வருவேன். கதவைச் சாத்தினால் வாசலிலேயே அப்பாவை விழுந்து கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். அவர் எனக்கும் அப்பாதான்.

அண்ணிக்கு என் அன்பும் வணக்கமும். உங்களுக்குரிய வணக்கத்தை, வண்டியை எடுக்க வரும்போது நேரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பஸ்ஸிலேயே வரப்போகும் தங்கை
குவி-ரான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அண்ணி போன் செய்தார். உங்கள் பார்வை மங்கிவிட்டதாம், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விற்க மனசு வராமல்தான் இங்கே அனுப்பினீர்களாம். பஸ்ஸில் ஏற வெட்கப்பட்டு அன்றிலிருந்து வீட்டைவிட்டே வெளியே வரவில்லையாம். ஏண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வண்டி இங்கேயே இருக்கட்டும், நாங்கள் தள்ளிக்கொள்கிறோம். ஒரு நாள் முன்னாடியே வருகிறேன். திதிச் சாமான் வாங்க நாம் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் சந்தைக்குப் போகலாம். யாராவது பார்த்துக் கேட்டால், "தங்கச்சிக்குக் கார் வாங்க வக்கில்ல, பாவம், துணைக்கு வந்தேன்" என்று சொல்லுங்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.