ஒன்பதாம் வீட்டின் துவைக்கும் நேரம்

2019 அக்டோபர் 7, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. கோத்தன்பர்க் நகரில், மேட்டுத் தெருவின் முப்பத்தொன்றாம் எண் குடியிருப்பு, அடித்தளச் சலவை அறை. முன்பதிவுப் பலகையில் அந்த நேரத்துக்கு எதிரே ஒன்பதாம் வீட்டின் சின்னப் பூட்டு தொங்கியது; யார் பூட்டு தொங்குகிறதோ அவருக்கே அந்த நேரம். இரண்டு இயந்திரங்களிலும் இருபத்திரண்டாம் வீட்டின் படுக்கை விரிப்புகள் சுழன்றன.

இருபத்திரண்டாம் வீட்டு ஹெட்விக் நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் நின்றாள். அடுத்தவர் கணவனை அபகரித்தவளைக்கூட அந்த ஊரில் நாளடைவில் காபிக்கு அழைப்பார்கள். அடுத்தவர் துவைக்கும் நேரத்தை அபகரித்தவளை அழைத்ததாக வரலாறு இல்லை.

ஒன்பதாம் வீட்டு ஸ்டூரெ, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், கூடையோடு படியிறங்கி வந்தார். இயந்திரங்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் பேனாவைத் திறந்தாள்.

"ஓடிட்டிருக்கா? நல்லது, நல்லது," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"இது உங்க நேரம்!" என்று ஹெட்விக் பின்னாலேயே ஓடினாள்.

"அப்படியா? என் சட்டைக்கு என்னம்மா அவசரம்? அது எங்கயும் வேலைக்குப் போகல."

நோட்டில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

ஹெட்விக்குக்கு எழுத்துவேலை புதிதல்ல. அந்தப் பருவத்தில் ஐந்து ஒப்படைப்புகள். வரலாற்றுக்கு, ஹெர்ரிங் மீன் வணிகம் பற்றிப் பன்னிரண்டு பக்கம். தத்துவத்துக்கு, பொய் எப்போது நியாயமாகும் என்று எட்டுப் பக்கம். இலக்கியத்துக்கு, ஒரு நாவலில் வரும் ஜன்னல்கள். அரசியலுக்கு, நகராட்சிக் கூட்டணிகள். நூலகத்தில் உட்கார்ந்து நான்கையும் இட்லி அவிப்பதுபோல அவித்து இறக்கிவிட்டாள். கேள்வியையே திருப்பிப் போட்டு முதல் பத்தி, நடுவில் நாலு மேற்கோள், கடைசியில் 'இது மேலும் ஆராயத்தக்கது'. இந்த வித்தை தெரிந்தவர்களுக்கு எந்தப் பாடமும் ஒன்றுதான்.

ஐந்தாவது சமூகவியல். நூலகத்தில் கிடைக்காத ஒன்றைக் கேட்டது அது மட்டும்தான். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு விதியை மீறு. மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். குறைந்தது மூன்று எதிர்வினைகளைப் பதிவு செய். கடைசி நாள் அக்டோபர் 25, மதியம் பன்னிரண்டு. இதில் தேறினால்தான் பட்டம். பட்டம் கையில் இருந்தால்தான் நவம்பர் முதல் தேதி நகர ஆவணக் காப்பகத்தில் வேலை.

"அந்தத் தாத்தா சாதுடீ," என்றாள் உடன் தங்கியிருந்த மலின். அவள் செவிலியர் படிப்பவள். ஊசி போட்டால் எதிர்வினை உடனே தெரியும் என்ற கர்வம் உண்டு. "சின்னதா எரிச்சல் பண்ணு. டிரையர் வடிகட்டியில சேர்ற பஞ்சை எடுக்காம விடு. எங்கம்மா அதுக்கே கொலை பண்ணுவாங்க."

ஹெட்விக் பஞ்சை எடுக்காமல் விட்டாள். போதாதென்று பழைய கம்பளிச் சட்டையொன்றைப் பிய்த்தும் சேர்த்தாள். மறுநாள் வடிகட்டி கண்ணாடிபோல் துடைக்கப்பட்டிருந்தது.

துணிகளை இயந்திரத்திலேயே ஐந்து மணி நேரம் விட்டுப் பார்த்தாள். தரையில் வீசியிருப்பார்கள் என்று ஆவலோடு போனாள். மேசைமேல் மடித்து அடுக்கியிருந்தது. காலுறைகள் ஜோடி சேர்க்கப்பட்டிருந்தன. ஆறு மாதமாகத் தொலைந்திருந்த ஒற்றைக் காலுறைகூடத் தன் துணையோடு படுத்திருந்தது.

"இவங்க மனுஷங்கதானா?" என்றாள் மலின்.

"எனக்குத் திட்டு வேணும் மலின். மூணே மூணு திட்டு."

"நான் வேணா திட்டட்டுமா?"

"உன் திட்டு செல்லாது. நீ தினமும் திட்டுற."

சமூகவியல் ஆசிரியை அக்னேதாவிடம் கேட்டுப் பார்த்தாள். "யாருமே கோபப்படலன்னா, அதையே எழுதலாமா?"

"யாரும் எதுவும் பண்ணலன்னா நீ எந்த விதியையும் மீறலன்னு அர்த்தம். வேற விதியைத் தேடு," என்றார் அக்னேதா.

வேறு விதியைத் தேட நாள் இல்லை. கடைசி அஸ்திரமாக, குடியிருப்போர் சங்கத் தலைவி குன்பிரிட்டின் சனிக்கிழமை நேரத்தில் கை வைத்தாள். சலவை அறைச் சுவரில் பதினொரு கட்டளைகளை எழுதி ஒட்டியவர் அவர். 'அடுத்தவர் நேரத்தைத் தொடாதே' என்ற ஏழாவது கட்டளை அடிக்கோடிட்டு இருந்தது.

குன்பிரிட் வாசலில் நின்று மூச்சை இழுத்தார். கழுத்து சிவந்தது. ஹெட்விக் பேனாவை அழுத்திப் பிடித்தாள். வரப்போகிறது.

"காலையில ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்றார் குன்பிரிட். ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டில் ஏலக்காய் பன் வந்தது. இன்னும் சூடாக.

ஹெட்விக் அதைத் தின்றுகொண்டே அழுதாள்.

திங்கட்கிழமை, அக்டோபர் 21. பொய் எப்போது நியாயமாகும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் இடது கையால் ஒரு சீட்டு எழுதிச் சலவை அறைக் கதவில் ஒட்டினாள்.

'அடுத்தவர் நேரத்தில் துவைக்கும் மகராசிக்கு: வெட்கமாக இல்லையா? இப்படிக்கு, நொந்துபோன ஒருத்தர்.'

ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களும் திறப்பார்கள், கீழே நாலு பேர் கிறுக்குவார்கள், படமெடுத்து இணைத்துவிடலாம். இதுதான் கணக்கு.

மறுநாள் காலை சீட்டைக் காணோம். அதன் இடத்தில் சங்க முத்திரையோடு ஒரு அறிவிப்பு இருந்தது: 'அவசரக் கூட்டம். புதன் மாலை ஆறு மணி. பொருள்: சீட்டு. அனைவரும் வரவேண்டும்.'

"செத்தோம்," என்றாள் மலின். "நாம உள்வாடகைக்கு இருக்கோம். சங்கம் நினைச்சா ஒரே வாரத்துல தெருவுல நிக்கணும். உனக்குப் பட்டமும் இல்ல, வேலையும் இல்ல, இப்ப வீடும் இல்ல. ஒரு பாடத்துக்கு இவ்வளவு சாதிச்சவ நீ ஒருத்திதான்."

புதன்கிழமை கூட்ட அறையில் நாற்காலி போதவில்லை. காபி இருந்தது, யாரும் தொடவில்லை. சீட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், தடயப்பொருள் போல மேசைமேல் கிடந்தது.

"இதை எழுதினது யாரு?" குன்பிரிட் உறையைத் தூக்கிக் காட்டினார். "பதினொரு வருஷமா கட்டிக் காப்பாத்தினதை ஒரே ராத்திரியில கெடுத்துட்டீங்களே! ஸ்டூரெ, நீங்களா?"

"நானா? போன வருஷம் என் கம்பளியையே சாயம் போக்கினப்பகூட நான் வாயைத் திறந்தேனா?"

"அப்ப பதினஞ்சாம் வீடு. உங்களுக்குத்தான் பொறுமை கிடையாது."

"என்னைச் சொல்லாதீங்க!" என்று எழுந்தாள் பதினைந்தாம் வீட்டுக்காரி. "பல்லைக் கடிச்சுக் கடிச்சு எனக்கு ரெண்டு பல் போயிருக்கு!"

ஒருவரையொருவர் நோக்கி விரல் நீட்டத் தொடங்கினார்கள். ஹெட்விக்கால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"நான்தான். துவைச்சதும் நான்தான், சீட்டு எழுதினதும் நான்தான். கல்லூரிப் பாடம். நான் விதியை மீறணும், நீங்க கோபப்படணும். நீங்க யாரும் கோபப்படல. இவ்வளவு நல்ல மனுஷங்களை நான் பார்த்ததே இல்ல. அதான்... வெள்ளிக்கிழமை கடைசி நாள். வீட்டை விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க. அதுக்கு முன்னாடி தயவுபண்ணி மூணு பேராவது என்னைத் திட்டிடுங்க."

ஸ்டூரெ நீளமாக மூச்சுவிட்டார்.

"அப்பாடா! எழுதினது நம்ம ஆளு இல்ல!"

பதினைந்தாம் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். காபிக் கோப்பைகள் நகர்ந்தன. யாரோ பன் தட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். ஹெட்விக் ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"திட்டுங்களேன்," என்றாள் மறுபடியும்.

அதுவரை பேசாதிருந்த பன்னிரண்டாம் வீட்டு ஒல்லி மனிதர் தொண்டையைச் செருமினார்.

"முடியாதும்மா. இருபத்திரண்டாம் வீட்டுக்கு வருஷா வருஷம் அந்தப் பாடத்துக்குன்னு ஒருத்தர் வந்து எங்க நேரத்துல துவைக்கிறாங்க. கோபப்பட்டா எழுதிக்கிட்டே இருக்காங்க, கண்டுக்காம விட்டா மூணு வாரத்துல ஓடிடறாங்கன்னு 2008லயே தீர்மானம் போட்டாச்சு. துணி மடிக்கிறது இந்த வருஷம் எங்க வீட்டு முறை."

ஹெட்விக்கின் அறிக்கை வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று எதிர்வினைகளுக்குப் பதிலாக, இருபத்துமூன்று வீடுகள் கையெழுத்திட்ட தீர்மானத்தின் நகல் அதில் இணைக்கப்பட்டிருந்தது. அவள் தேர்ச்சி பெற்றாள்.