டிரெய்லர் பிரேக் விஷயமாக மச்சானுக்கு

ஊரிகம்,
ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது.

உயர்திரு மச்சான் பாண்டுரங்கன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் வேலு எழுதுவது. எழுத்து மேடும் பள்ளமுமாகப் போவதற்கு மன்னிக்கவும். தொழிற்சங்கத்து முதியோர் வகுப்பில் பியாட்ரிஸ் டீச்சர் கோடு போட்டுத்தான் கொடுத்தார்கள், என் கைதான் கோட்டில் நிற்கவில்லை. ஆனாலும் இது நானே என் கையால் எழுதும் முதல் கடிதம். முன்பெல்லாம் நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு பர்னபாஸ் எழுதித் தருவான். நான் திட்டச் சொன்ன இடத்தில் எல்லாம் அவன் "நலம் அறிய ஆவல்" என்று போட்டுவிடுவான் என்பது, படிக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. இந்தத் தடவை திட்டு முழுசாக வந்து சேரும். இங்கே டிரெய்லரைத் தவிர எல்லோரும் சுகம். உங்களை இத்தனை வருஷம் நீ என்றுதான் கூப்பிட்டேன். கோபம் தீரும்வரை நீங்கள் என்றுதான் எழுதுவேன்.

மச்சான், உங்கள் பிரேக்டவுன் லாரியும் டிரெய்லரும் எங்கள் சுரங்க லைன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண்கள் பக்கவாட்டில் நடந்து போகிறார்கள். அது எப்படி இங்கே வந்து நின்றது என்று நீங்கள் பங்காருபேட்டையில் ஒரு கதை சொல்லி வருகிறீர்களாம், என் மகன் ராஜேந்திரன் தூங்கிக்கொண்டே ஓட்டினான் என்று. நடந்ததை நான் எழுதுகிறேன். கோலாரில் நின்றுபோன வக்கீல் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அவன் வந்தான். ஊரிகம் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினான். லாரி கேட்டது, டிரெய்லர் கேட்கவில்லை. பின்னால் இருந்து யானை முட்டுகிற மாதிரி லாரியைத் தள்ளிக்கொண்டு வந்தது. கீழே குழாயடியில் பெண்கள் வரிசை. பையன் ஸ்டியரிங்கை ஒடித்து, சுரங்கக் கழிவு கொட்டின சயனைடு மண்மேட்டில் கொண்டுபோய்ச் சொருகினான். ஒருவருக்கும் கீறல் இல்லை, வக்கீல் கார் உள்பட. அதற்கு நீங்கள் அவனுக்கு மாலை போட்டிருக்க வேண்டும். கங்கம்மாவின் மாடுகள் வந்து லாரியை எங்கள் வாசல் வரை இழுத்ததும், "இழுக்கிற வண்டியவே இழுக்கறாங்கடா" என்று கூட்டம் சிரித்ததும் உங்களுக்கு அவமானம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக, செய்தி கேட்டு ஓடி வந்து, அத்தனை பேர் நடுவில் அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு நீங்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "ஒரு டிரெய்லர நிறுத்தத் தெரியாதவன் குடும்பத்த எங்க நிறுத்துவான்? சாரதாவுக்கு வேற எடம் பாத்துக்கறேன்."

உங்கள் மகளுக்கும் என் மகனுக்கும் கார்த்திகையில் நிச்சயம் என்று தாய்மாமன் வாயால் சொன்னது, ஒரு பிரேக்கில் போய்விட்டது. உங்கள் அக்காள் தாயம்மா அன்றிலிருந்து அடுப்படிப் பாத்திரங்களோடு மட்டும்தான் பேசுகிறாள், அதுவும் சத்தமாக. ராஜேந்திரன் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து, வேறு டிரைவர் வேலை தேடிக் கோலாருக்குப் போய்விட்டான். எனக்குத் தாங்கவில்லை. நான் ஆயுசெல்லாம் சுரங்க ஷாப்ட் வாயில் நின்று, ஆட்களை இறக்குகிற கேஜுக்கு மணி அடித்தவன். பிரேக்கை நம்பி எத்தனை உயிர் கீழே இறங்கும் என்று எனக்குத் தெரியும். தப்பு பையன் காலிலா டிரெய்லரிலா என்று நானே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

எண்ணெய்க் குழாயே இல்லாத பிரேக்கை மிலிட்டரி ஏலத்தில் வாங்கும்போதே நான் வேண்டாம் என்றேன். அதில் சக்கரத்துக்குள் காந்தம் இருக்கிறதாம். டிரைவர் அழுத்தினால் லாரி பேட்டரியிலிருந்து கரண்ட் போய், காந்தம் பிடித்து, சக்கரம் நிற்குமாம். பக்கத்து லைன் ஏனோக் மைன் எலக்ட்ரிஷியன், அவனைக் கூப்பிட்டேன். முதலில் காந்தம் செத்துவிட்டது என்று நான் சொன்னேன். அவன் சக்கரத்தைக் கழற்றி, பேட்டரியைப் பக்கத்தில் வைத்து நேராக வயர் கொடுத்தான். குனிந்து பார்த்த என் பொடி டப்பியைக் காந்தம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. வயரை எடுக்கும்வரை தரவில்லை. காந்தம் உயிரோடுதான் இருக்கிறது. அப்படியானால் வயர் அறுந்திருக்கிறது என்று ஏனோக் சொன்னான். புது வயர் இழுத்து, பேட்டரியைத் திரும்ப லாரியில் வைத்து, காந்தத்தில் டப்பியை ஒட்டவைத்துப் பிரேக்கை அழுத்தினோம். டப்பி பொத்தென்று கீழே விழுந்தது. பொடி எல்லாம் மண்ணில். பிறகு பேட்டரி மேல் சந்தேகப்பட்டோம், சுவிட்சைச் சந்தேகப்பட்டோம், கடைசியில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு இரண்டு நாள் பேசவில்லை.

மறுபடி வந்தபோது ஏனோக் ஒரு சின்ன பல்பும் வயரும் கொண்டுவந்தான். ஒரு முனையைக் காந்தத்துக்கு வரும் வயரில் வைத்து, மறு முனையை டிரெய்லர் உடம்பில் வைத்தான். பல்பு எரியவில்லை. அந்த மறு முனையையே நீட்டி லாரி உடம்பில் வைத்தான், எரிந்தது. "கரண்ட் போவுது மாமா, திரும்பி வர்றதுக்குத்தான் வழியில்ல" என்றான். போன கரண்ட் டிரெய்லர் உடம்பு வழியாகத்தான் லாரிக்குத் திரும்ப வேண்டுமாம். அதற்கான எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், அடியில் பச்சை எனாமல் பெயிண்ட், தோசை கனத்துக்கு. லாரியோடு மாட்டுகிற கொக்கியிலும் பெயிண்ட், கொக்கி வளையத்திலும் பெயிண்ட், அதன்மேல் சந்தனம். இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. குலுங்கி எங்கேயாவது உரசினால் பிரேக் பிடிக்கும், இல்லாவிட்டால் இல்லை.

இப்போது சொல்லுங்கள் மச்சான். ஆயுத பூஜைக்கு டிரெய்லருக்குப் பெயிண்ட் யாருடையது? வந்தவர்களுக்குப் பொரியும் சுண்டலும் கொடுக்கும்போதெல்லாம் "பெயிண்ட் என் செலவு" என்று சொன்ன வாய் யாருடையது? எந்த இடத்தில் பூச வேண்டும், எந்த இடத்தை விட வேண்டும் என்று தெரியாமல் நீங்கள் பூசிவிட்டு, என் மகன் காலைக் குறை சொன்னீர்கள். நீங்கள் அறிவில்லாத வேலை செய்தீர்கள். நீங்கள் நாலு பேர் உயிரோடு விளையாடினீர்கள். நீங்கள் நேரில் வந்து மன்னிப்புக் கேட்காவிட்டால், உங்கள் டிரெய்லர் எங்கள் வாசலிலேயே கிடந்து அதில் அவரைக்கொடி படரும்.

உங்கள் வீட்டுக்காரி, என் தங்கச்சி முறை பார்வதம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும். சாரதாவுக்கு என் ஆசீர்வாதம், அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உங்களுக்கும் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும், திட்டு வாங்குவதற்கு.

இப்படிக்கு,
வேலு (என் கையெழுத்து)

பின்குறிப்பு: மச்சான், இன்று ராஜேந்திரன் கோலாரிலிருந்து வந்தான். கடிதத்தை நானே அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பெயிண்ட் வந்த இடத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நைனா, பெயிண்ட் அட்ச்சது நாந்தான். மாமா காசுதான் குட்த்தாரு. போல்ட்ட கழட்டி அடீல கூட அட்ச்சா அழகா இருக்கும்னு சாரதா சொல்லிச்சி" என்றான். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தானாம். இவ்வளவு எழுதியதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் மேலே நீங்கள் என்று வருகிற இடத்தில் எல்லாம் "ராஜேந்திரனும் சாரதாவும்" என்று படித்துக்கொள். மன்னிப்பு கேட்கிற இடத்தில் மட்டும் நீ நீயாகவே இரு, குடும்பத்தை எங்கே நிறுத்துவான் என்று கேட்டது அவர்கள் இல்லை.

பையன் பெயிண்டைச் சுரண்டிவிட்டான். பிரேக்கை அழுத்தினால் காந்தம் இப்போது பொடி டப்பியை விடவே மாட்டேன் என்கிறது. நீ சாவியோடு வா. அதே இறக்கத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வா. டிரெய்லர் நின்றால் அந்த இடத்திலேயே நிச்சயத் தேதியைச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு பேரையும் தனித்தனியாக வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தால் அது அந்தக் குடும்பங்களுக்குச் செய்கிற பாவம். நீ வராவிட்டால் அடுத்த வாரமும் எழுதுவேன், அதற்கடுத்த வாரமும் எழுதுவேன். இப்போது எனக்கு எழுதத் தெரியும்.